கண்டிஷனர் முதல் முகப்பூச்சு வரை: சேர்மானப் பட்டியலைப் படிப்பது எப்படி?

ஹேர் கண்டிஷனர், ஈரப்பதம் காக்கும் கிரீம், சன்ஸ்கிரீன் போன்ற அழகுசாதனப் பொருட்களின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்துகளில் அச்சிடப்படும் சேர்மானப் பட்டியலை நுகர்வோரில் பலர் படிப்பதில்லை. முன்புறத்தில் இருக்கும் கவர்ச்சியான வாசகமே விற்பனையைத் தீர்மானிக்கிறது. ஆனால், அந்தப் புட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் கடமை பின்புறப் பட்டியலுக்கே உண்டு.

நீண்ட வேதியியல் பெயர்களைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டியதில்லை. எந்தப் பொருள் எந்தப் பணிக்காகச் சேர்க்கப்படுகிறது, எதில் கவனம் தேவை, சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது என்பதை அறிந்தால் பட்டியலைப் படிப்பது எளிது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் அழகுசாதனப் பொருட்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றுக்கெனத் தனியாக வகுக்கப்பட்ட அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. உள்நாட்டில் தயாரிப்பதற்கான உரிமத்தை மாநில உரிம அதிகாரிகள் வழங்குகின்றனர். இறக்குமதிப் பொருட்களுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு பெற வேண்டும். எந்தச் சேர்மானங்களுக்குத் தடை, எவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 தரநிலை வரையறுக்கிறது.

பொருளின் பெயர், தயாரிப்பாளரின் பெயர் மற்றும் முகவரி, தொகுதி எண், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்ற விவரம் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பாயின் உரிம எண்ணும், இறக்குமதியாயின் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் இடம்பெற வேண்டும். இவை எதுவும் இல்லாத பொருள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்கத் தக்கதன்று.

ஒரு சதவீத எல்லை

பட்டியலில் பொருட்கள் எழுதப்படும் வரிசைக்கு அர்த்தம் உண்டு. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை, அதிகம் உள்ளதில் தொடங்கிக் குறைவாக உள்ளது வரை இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம்.

கண்டிஷனரிலும் பெரும்பாலான கிரீம்களிலும் 'அக்வா' எனக் குறிக்கப்படும் தண்ணீரே முதலிடம் பெறுவதன் காரணம் இதுதான். பட்டியலின் முதல் ஐந்து அல்லது ஆறு பெயர்களே பெரும்பாலும் பொருளின் அடிப்படைத் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

ஒரு சதவீத எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை லேபிள் காட்டாது. ஆனாலும் ஓர் எளிய அடையாளம் உண்டு. பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியின் உச்ச அளவு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 சதவீதம். பல நாடுகளின் தயாரிப்பாளர்களும் அந்த அளவையே பின்பற்றுகின்றனர். எனவே, அதற்குப் பின் எழுதப்படும் பொருட்கள் பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மிகாதவை எனக் கொள்ளலாம். முன்புறத்தில் பெரிய படத்துடன் விளம்பரப்படுத்தப்படும் ஆர்கன் எண்ணெயோ குங்குமப்பூவோ பட்டியலில் பீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின் இருந்தால், அது சிறிதளவே சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள். அதேவேளை, ரெட்டினால் போன்ற சில பொருட்கள் ஒரு சதவீதத்துக்குக் குறைவான அளவிலேயே பலன் தரக்கூடியவை. ஆகவே, கடைசியில் இருப்பதெல்லாம் பயனற்றது என்றும் முடிவு செய்துவிடக் கூடாது.

கண்டிஷனர் செயல்படும் விதம்

தலைமுடியின் மேற்புறம் மீன் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மெல்லிய படலங்களால் ஆனது. ஷாம்பு அழுக்கையும் எண்ணெயையும் நீக்கிய பின், ஈரமான முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மையுடன் இருக்கும். முடியிழைகள் ஒன்றையொன்று விலக்குவதும், செதில்கள் சற்றே எழும்பி ஒன்றோடொன்று உரசுவதும் சிக்கலுக்கும் பறப்பதற்கும் காரணமாகின்றன. சாயமேற்றிய, வெப்பக் கருவிகளால் நேராக்கிய முடியில் இந்த எதிர்மின் தன்மை மேலும் அதிகம்.

கண்டிஷனரின் முதன்மைச் சேர்மானம் நேர்மின் தன்மை கொண்டது. செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்பேட் ஆகியவை பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. எதிர்மின் தன்மை கொண்ட முடியில் இவை ஒட்டிக்கொள்கின்றன; சேதம் அதிகமுள்ள இடத்தில் அதிகமாக ஒட்டுகின்றன. தண்ணீரில் அலசிய பின்னும் மெல்லிய படலம் ஒன்று எஞ்சி நிற்பதால்தான் சீப்பு எளிதாக இறங்குகிறது. பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்பேட் என்ற பெயரில் 'சல்பேட்' என்ற ஒலி இருந்தாலும், அது ஷாம்புவில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் வகையைச் சேர்ந்ததன்று.

அடுத்து இடம்பெறுபவை செட்டில் ஆல்கஹால், ஸ்டெரில் ஆல்கஹால், செட்டெரில் ஆல்கஹால். 'ஆல்கஹால்' என்ற சொல்லைக் கண்டு முடி வறண்டுவிடும் எனப் பலர் கருதுகின்றனர். இவை கொழுப்பிலிருந்து பெறப்படும், மெழுகு போன்ற திண்மப் பொருட்கள். கண்டிஷனருக்கு அடர்த்தியையும் முடிக்கு மென்மையையும் தருபவை இவையே. விரைவில் ஆவியாகி வறட்சி உண்டாக்கக் கூடியது 'ஆல்கஹால் டீநேச்சர்டு' என்று குறிக்கப்படும் எத்தனால். இரண்டும் வெவ்வேறானவை.

'குவார் ஹைட்ராக்ஸிபுரொப்பைல்ட்ரிமோனியம் குளோரைடு' என்ற நீண்ட பெயரும் பல ஷாம்புகளில் காணப்படும். கேட்பதற்கு ஆய்வகப் பொருள்போல் தோன்றினாலும், இதன் மூலம் சமையலறையில் நாம் அறிந்த கொத்தவரையின் விதை. உலகிலேயே கொத்தவரை விதையை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதில் ராஜஸ்தானுக்கு முதலிடம். விதையின் பசையை வேதிமுறையில் மாற்றி, முடியில் ஒட்டும் நேர்மின் தன்மையை அதற்கு அளிக்கின்றனர்.

சிலிக்கோனும் தேங்காய் எண்ணெயும்

டைமெத்திகோன், அமோடைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் ஆகியவை சிலிக்கோன் வகையைச் சேர்ந்தவை. இவை முடியின் மேல் வழுவழுப்பான படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கின்றன, பளபளப்பைத் தருகின்றன. முடியை உள்ளிருந்து சீர்செய்வதில்லை. முடி உதிர்வதற்கும் காரணமாவதில்லை. மெல்லிய முடி உள்ளவர்களுக்குத் தொடர்ந்து படிவதால் கனமாகத் தோன்றலாம். அவ்வாறு இருப்பின், வாரம் ஒருமுறை நன்கு சுத்தம் செய்யும் ஷாம்புவைப் பயன்படுத்தினால் போதும்.

சில சிலிக்கோன்கள் குறித்த கவலை சுற்றுச்சூழல் சார்ந்தது. நீரில் சேர்ந்தால் எளிதில் சிதையாமல் தங்கிவிடுவதால், அலசி நீக்கும் பொருட்களில் டி4, டி5 எனப்படும் வளைய சிலிக்கோன்களின் அளவை 2020 ஜனவரி 31 முதல் 0.1 சதவீதத்துக்குக் கீழ் வைக்குமாறு ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. மேலே குறிப்பிட்ட சைக்ளோபென்டாசிலோக்சேன் என்பதுதான் டி5.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்கு அறிவியல் ஆதரவு உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது. அதில் உள்ள லாரிக் அமிலத்தின் நேரான, சிறிய அமைப்பு முடிக்குள் ஊடுருவ ஏதுவாக இருப்பதே காரணம் என விளக்கப்பட்டது. குளிப்பதற்கு முன் எண்ணெய் தடவும் பழைய வழக்கத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆயினும் முடியைப் பாதுகாப்பது வேறு. வழுக்கையில் முடி வளர்ப்பது வேறு. இரண்டாவதற்கு இந்த ஆய்வு சான்றாகாது.

சருமப் பொருட்களின் மூன்று பணிகள்

ஈரப்பதம் காக்கும் கிரீம்களின் சேர்மானங்களை மூன்று பிரிவாகப் பார்க்கலாம். முதலாவது, நீரை ஈர்த்து வைப்பவை: கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம், யூரியா. இரண்டாவது, சருமச் செல்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பி மென்மையாக்குபவை: தாவர எண்ணெய்கள், செராமைடு, செட்டெரில் ஆல்கஹால். மூன்றாவது, நீர் ஆவியாகாமல் மூடி வைப்பவை: பெட்ரோலாட்டம், டைமெத்திகோன், தேன்மெழுகு.

விலையுயர்ந்த கிரீமிலும் விலை குறைந்த கிரீமிலும் பெரும்பாலும் இதே அடிப்படைதான் உள்ளது. நீர் இழப்பைத் தடுப்பதில் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லிக்கு இணையான பொருட்கள் மிகச் சிலவே. கிளிசரின் பட்டியலில் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் இருந்தால், அந்தப் பொருளின் முதன்மைப் பணி ஈரப்பதம் காப்பதே எனப் புரிந்துகொள்ளலாம்.

குறிப்பிட்ட பலனுக்காகச் சேர்க்கப்படுபவை வேறு. நியாசினமைடு வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். சருமத்தின் தடுப்புத் திறனை வலுப்படுத்தவும், நிறத் திட்டுகளைக் குறைக்கவும் உதவுகிறது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் அடைபட்ட துளைகளுக்குள் சென்று செயல்படுகிறது. கிளைக்கோலிக் அமிலம் இறந்த செல்களை உரிக்கிறது. அதைப் பயன்படுத்துவோரின் சருமம் வெயிலால் எளிதில் பாதிக்கப்படும் என்பதால் சன்ஸ்கிரீன் அவசியம். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாலைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு ஆகிய கனிமங்களோ, அவோபென்சோன் போன்ற கரிமச் சேர்மங்களோ இருக்கும். எஸ்.பி.எஃப். எண் முதன்மையாகச் சருமத்தைச் சிவக்கச் செய்யும் புற ஊதா-பி கதிர்களைக் குறிக்கிறது. எஸ்.பி.எஃப். 30 அவற்றில் சுமார் 97 சதவீதத்தையும், எஸ்.பி.எஃப். 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. எண் ஏறும் அளவுக்குப் பாதுகாப்பு ஏறுவதில்லை. போதிய அளவு தடவுவதும், வெயிலில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவுவதுமே முக்கியம்.

பதப்படுத்திகள்: அச்சமும் உண்மையும்

தண்ணீர் கலந்த எந்தப் பொருளிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். குளியலறையின் ஈரத்திலும் வெப்பத்திலும் அது இன்னும் விரைவாக நடக்கும். எனவே பதப்படுத்தி இல்லாத கிரீம், பதப்படுத்தி உள்ளதைவிட ஆபத்தானதாக மாறக்கூடும்.

அதிக விவாதத்துக்கு உள்ளானவை பாரபென்கள். அவை அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. மெத்தில்பாரபென், எத்தில்பாரபென் ஆகியவற்றைத் தனித்தனியே 0.4 சதவீதம் வரை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. புரொப்பைல், பியூட்டைல் பாரபென்களுக்குக் கடுமையான வரம்பு உள்ளது. ஐசோபியூட்டைல்பாரபென் உள்ளிட்ட ஐந்து வகைகள் 2014-இல் அங்கு தடை செய்யப்பட்டன.

ஒவ்வாமை என்ற கோணத்தில் பார்த்தால் மெத்தில்ஐசோதயசோலினோன் கூடுதல் கவனத்துக்குரியது. இதனால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் ஏற்பட்டதையடுத்து, சருமத்தில் தங்கும் பொருட்களில் இதைச் சேர்ப்பதற்கு 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. டி.எம்.டி.எம். ஹைடான்டோயின், குவாட்டர்னியம்-15 ஆகியவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுப் பொருளைப் பாதுகாக்கின்றன. ஃபார்மால்டிஹைடு ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

'பர்ஃபியூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்து வாசனைப் பொருட்கள் அடங்கியிருக்கலாம். சருமம் எளிதில் சிவக்கும் இயல்புடையவர்களும் குழந்தைகளுக்குப் பொருள் வாங்குவோரும் வாசனையற்றதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பட்டியலில் எழுதப்படாத ஆபத்து

உண்மையில் அதிகத் தீங்கு விளைவித்த பொருட்கள் பட்டியலில் இடம்பெறாதவையாகவே இருந்துள்ளன. சருமத்தை வெண்மையாக்குவதாகக் கூறி விற்கப்படும் சில கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம் அவற்றில் முதன்மையானது. அது மெலனின் உருவாவதைத் தடுத்து நிறத்தை விரைவில் குறைக்கிறது. சருமத்தின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கிறது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள தனியார் மருத்துவமனையின் மருத்துவர்கள், சிறுநீரகத்தின் வடிகட்டிகளைப் பாதித்துச் சிறுநீரில் புரதம் கசியச் செய்யும் நோய்க்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஆளான 22 பேரை ஆய்வு செய்தனர். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் அரிதான ஒரு வகை கண்டறியப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தோன்றுவதற்கு முன் சரும வெண்மை கிரீம்களைப் பயன்படுத்தியதாகத் தெரிவித்தனர். கிரீமை நிறுத்திய பின் பெரும்பாலானோரின் பாதிப்பு தணிந்தது. 2023-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனைகளை நடத்தி, உரிய உரிமமும் விவரங்களும் இல்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தது.

இந்திய விதிகளின்படி, கண் பகுதியில் பயன்படுத்தப்படுபவை தவிர்த்த பிற அழகுசாதனப் பொருட்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் முகவரி இல்லாத கிரீம், ஒரே வாரத்தில் நிறம் மாறும் என்ற வாக்குறுதி, தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு கூறும் குறிப்பு ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

இரண்டாவது ஆபத்து ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை தோல் நோய்க்கான மருந்துகள். அழகு கிரீம்கள் அல்ல. முகத்தில் நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும்; முகப்பரு பெருகும்; நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் தோன்றும். மருந்துச் சீட்டின்றி இவை விற்கப்படுவதைத் தடுக்க, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகள் அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவரப்பட்டன. இருந்தபோதிலும் அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு வாங்கித் தடவும் வழக்கம் நீடிக்கிறது. ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம்களையும் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

'இயற்கை' என்றால் பாதுகாப்பா?

எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் சென்றால் தோலில் கொப்புளமும் கருமையும் ஏற்படலாம். வாசனை எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் ஆகியவை காற்றுடன் வினைபுரிந்த பின் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. 'கருப்பு மருதாணி' என விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் பாரா-பினைலீன்டைஅமைன் என்ற செயற்கைச் சாயம் சேர்க்கப்படுகிறது. தூய மருதாணி செம்பழுப்பு நிறத்தையே தரும். இந்தச் சாயம் கலந்த முடிச்சாயங்களின் உறையில், முன்கூட்டியே தோலில் பரிசோதிக்க வேண்டும் என்றும், இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தினால் பார்வை பறிபோகலாம் என்றும் எச்சரிக்கை இருக்க வேண்டியது சட்டப்படி கட்டாயம்.

'இயற்கை', 'ஆர்கானிக்', 'தூய' போன்ற சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றிச் சுற்றுச்சூழல் நலம் சார்ந்த விளம்பரங்களில் பயன்படுத்துவதற்கு எதிராக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

சாஷே வாங்குவோருக்கு உரிமை இல்லையா?

சேர்மானப் பட்டியல் விதியில் ஒரு விலக்கு உண்டு. 60 மில்லி லிட்டருக்குக் குறைவான திரவப் பொருட்களுக்கும், 30 கிராமுக்குக் குறைவான திண்ம, கூழ்மப் பொருட்களுக்கும் பட்டியல் அச்சிடுவது கட்டாயமில்லை. சிறிய உறையில் இடமில்லை என்பதே இதன் பின்னுள்ள நியாயம்.

ஷாம்புவைச் சாமானியர் வீடுகளுக்குக் கொண்டு சென்றது சாஷேதான். அந்த வழிமுறைக்குத் தமிழகத்தின் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இன்றும் தினக்கூலியிலும் குறைந்த வருமானத்திலும் வாழ்வோர் சிறிய உறைகளையே வாங்குகின்றனர். சில நிறுவனங்கள் தாமாகவே சாஷேயிலும் பட்டியலை அச்சிடுகின்றன. ஆனால் சட்டப்படி, பெரிய புட்டி வாங்குபவருக்கு உறுதி செய்யப்பட்ட தகவல், ஒரு முறைப் பயன்பாட்டுக்கு வாங்குபவருக்கு உறுதியாகக் கிடைப்பதில்லை. ஒவ்வாமை வருமானம் பார்த்து வருவதில்லை என்பதால், இந்த இடைவெளி கவனிக்கப்பட வேண்டியது. அதுவரை, கடையில் உள்ள அதே பொருளின் பெரிய புட்டியைப் பார்த்துச் சேர்மானங்களை அறிந்துகொள்வதே எளிய வழி.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பயன்பாட்டுத் தேதி மூன்றும் உள்ளனவா எனப் பார்க்கவும்.

* முதல் ஆறு சேர்மானங்களைப் படிக்கவும். விளம்பரப்படுத்தப்படும் பொருள் பட்டியலில் எங்கே உள்ளது எனத் தேடவும்.

* முன்பு ஒவ்வாமை தந்த பொருளின் பெயரைக் கைப்பேசியில் குறித்து வைத்து, புதிய பொருளின் பட்டியலுடன் ஒப்பிடவும்.

* முகத்தில் தடவும் முன், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாட்கள் கவனிக்கவும். முடிச்சாயத்தை, உறையில் கூறியுள்ளபடி முன்கூட்டியே தோலில் பரிசோதிக்கவும்.

* அமிலம், ரெட்டினால் போன்றவற்றை ஒரே நேரத்தில் தொடங்காமல் ஒவ்வொன்றாகச் சேர்க்கவும்.

* எரிச்சல், வீக்கம் தோன்றினால் உடனே நிறுத்தவும். நிறம் மாற்றும் கிரீம் பயன்படுத்துவோருக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் அதிக நுரையோ தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரை அணுகி, அந்தக் கிரீமையும் உறையையும் உடன் எடுத்துச் செல்லவும்.

தவறான விளம்பரம், விவரங்கள் இல்லாத பொருள் ஆகியவை குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தெரிவிக்கலாம். போலி அல்லது உரிமமற்ற அழகுசாதனப் பொருட்கள் குறித்து மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் முறையிடலாம். வாங்கியதற்கான ரசீதையும் உறையையும் பாதுகாத்து வைத்திருப்பது, புகாரை நிரூபிக்க உதவும்.